மருந்துச் சீட்டும் கணிப்பொறியும்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வகுப்பில் நாலைந்து இடங்கள் காலியாகிவிடும். சம்பா நடவு முடிந்து, அடைமழை பிடித்து, வாய்க்காலும் வயலும் ஒன்றாகக் கிடக்கும் காலம் அது. ஒருத்திக்குக் காய்ச்சல், இன்னொருத்தியின் வீட்டில் யாருக்கோ காய்ச்சல், பார்த்துக்கொள்ளப் பெண் பிள்ளை வீட்டிலிருக்க வேண்டும். சென்ற ஐப்பசியில் காலியான இடங்களில் ஒன்று எங்கள் தோழி ஒருத்தியுடையது. பத்து நாட்களுக்குப் பிறகு அவள் வந்தபோது, அவளுடைய அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போயிருந்தது.

நடந்தது இதுதான். அவளுடைய அப்பா வரப்பு வெட்டப் போய்வந்த சில நாட்களில் காய்ச்சலில் படுத்தார். முதலில் மருந்துக் கடையில் சொல்லி வாங்கிய மாத்திரை, மூன்று நாள். பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் ஊசியும் குளுக்கோஸும், நான்கு நாள். ஊசி விலை கூடியது, காய்ச்சல் குறையவில்லை. எட்டாம் நாள் வேறோர் இடத்திற்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஓர் இளம் பெண் மருத்துவர் அவருடைய சட்டையைக் கழற்றச் சொல்லி, அக்குளைப் பார்த்து, அரைஞாண் கயிற்றைத் தளர்த்திப் பார்த்தார். கயிற்றின் அடியில், சிகரெட் சுட்டதுபோல் கறுப்பாக ஒரு பொருக்கு. உண்ணிக் காய்ச்சல்! ஸ்க்ரப் டைபஸ் என்று பாடப் புத்தகத்தில் போடுவார்களே, அதுதான். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி கடித்து வருவது. டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மருந்தைக் கொடுத்தார்கள். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது.

முதலில் பார்த்த மருத்துவரைக் குறை கூறுவதற்காக இதை நாங்கள் எழுதவில்லை. அவர் போட்ட ஊசி கெட்ட மருந்தும் அன்று. டைபாய்டாக இருந்திருந்தால் அதுவே அவரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் உண்ணிக் காய்ச்சலின் கிருமி நம் உடல் செல்லுக்குள் புகுந்து வாழ்வது. அந்த ஊசி மருந்து அதைத் தொடாது. மழைக்காலத்துக் காய்ச்சலுக்கு எத்தனை முகங்கள்! டெங்கு, டைபாய்டு, வயல் நீரில் எலியின் சிறுநீர் கலப்பதால் வரும் எலிக் காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல். முதல் இரண்டு நாள் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். வெளியே வராந்தாவில் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்க, உள்ளே ஒருவருக்கு இரண்டு நிமிடம் என்று பார்க்கிற மனிதர் எல்லாவற்றையும் ஒரே தலையில் வைத்துக்கொண்டு சீட்டு எழுத வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தில் அவருக்கு ஒரு துணை வேண்டும் என்பதே எங்கள் கருத்து. அத்துணை ஒரு கணிப்பொறியாக இருக்கலாம் என்கிறோம்.

சகோதரிகளே, கணிப்பொறி என்றதும் சிரிக்க வேண்டாம். முதலில், தவறான ஆன்டிபயாடிக் ஏன் பணச் செலவோடு நிற்பதில்லை என்பதைப் பார்ப்போம்.

தஞ்சைச் சீமையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. நெற்பயிரில் புகையான் விழுந்தால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். வயலின் நடுவே வட்டவட்டமாகத் தீய்ந்துபோகும். பயந்துபோய்க் கடைக்காரர் கொடுத்ததையெல்லாம் கலந்து அடித்தால், முதலில் சாவது புகையானைத் தின்னும் சிலந்தி. தப்பிப் பிழைத்த புகையான் அந்த மருந்துக்கு அஞ்சாததாகப் பெருகும். அடுத்த முறை இரட்டிப்பு மருந்து. அதற்கடுத்த முறை வேறு மருந்து. இந்தோனேசியாவில் இவ்வாறே புகையான் பெருகி நெல் பாழானபோது, 1986ஆம் ஆண்டு அந்த அரசு நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சி மருந்துகளை ஒரே ஆணையில் தடை செய்தது. நம் வேளாண் துறையினர் சொல்லும் வழி என்ன? மருந்து அடிக்குமுன் எண்ணு. தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால், ஒரு தண்டுக்கு இரண்டு பூச்சி வரும்வரை பொறு. சிலந்தியே இல்லாவிட்டால் ஒன்று வந்ததும் அடி. எங்களில் ஒருத்தியின் தாத்தா எழுதப் படிக்கத் தெரியாதவர். வரப்பில் குனிந்து தூரை விலக்கி எண்ணிவிட்டுத்தான் தெளிப்பானைத் தொடுவார்.

உடலுக்குள்ளும் இதே கதைதான். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. டெங்குவுக்கும் சளிக்கும் அதைக் கொடுத்தால், நோய் நம்மை விட்டு அதன் பாட்டுக்குப் போகும். ஆனால் நம் குடலிலும் தோலிலும் உள்ள கிருமிகளில் வலியவை மட்டும் மிஞ்சிப் பெருகும். பென்சிலினை 1928இல் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்று ஆற்றிய உரையிலேயே, குறைவாக மருந்து தின்று கிருமிகளுக்குப் பழக்கம் செய்துவிடாதீர்கள் என்று எச்சரித்தார். யார் கேட்டோம்? மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக, 2022இல் வெளியான பெரிய ஆய்வொன்று கணக்கிட்டிருக்கிறது. இவர்களில் பச்சைக் குழந்தைகள் எத்தனை என்று நினைக்கவே மனம் நடுங்குகிறது.

ஆக, வயலில் எண்ணிப் பார்ப்பது போல வார்டிலும் எண்ணிப் பார்த்து எழுத வழி உண்டா?

உண்டு என்பதற்கு அயல்நாட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம் பக்கத்தில் பெரிய வியாதி என்றால் "வேலூருக்குக் கொண்டு போங்க" என்பார்கள் அல்லவா? அந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான் நடந்தது. (1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கி, 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியும் வைத்த இடம் அது. எங்கள் வகுப்பில் மருத்துவராக ஆசைப்படும் பலரும் அவருடைய பெயரை மனப்பாடம் செய்திருக்கிறோம்.) அங்கு உள்நோயாளிகளுக்கு எவ்வளவு ஆன்டிபயாடிக் செலவாகிறது என்று மாதந்தவறாமல் பத்தாண்டுகள் கணக்கெடுத்தார்கள். டாக்டர் சுஜித் சாண்டியும் அவரோடு சேர்ந்தவர்களும் 2014இல் அதை வெளியிட்டார்கள். ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கு வழக்கமாக ஆகும் மருந்தை ஓர் அளவாக வைத்து, நூறு படுக்கை நாட்களுக்கு எத்தனை அளவு செலவாயிற்று என்பது கணக்கு.

வழிகாட்டி நெறி எதுவும் வகுக்கப்படாத முதல் கட்டத்தில், செலவு மாதத்திற்கு 0.95 வீதம் ஏறிக்கொண்டே போயிற்று. எந்த நோய்க்கு எந்த மருந்து என்று நெறி வகுத்துச் சிறு கையேடாக அச்சிட்டுக் கொடுத்தார்கள்; ஏற்றம் 0.21 ஆகத் தணிந்தது. பிறகு கையேட்டை வழங்காமல் விட்டுவிட்ட ஒரு கட்டம். ஏற்றம் மீண்டும் 0.31 ஆயிற்று. திருத்திய கையேட்டைக் கொடுத்தார்கள்; 0.05, ஏறக்குறைய நின்றேவிட்டது. கடைசிக் கட்டத்தில் கையேட்டோடு, மருத்துவமனைக்குள் ஓடும் கணிப்பொறி வலையிலும் அதை ஏற்றி, எந்த வார்டிலிருந்தும் பார்க்கலாம் என்று வைத்தார்கள். அப்போதுதான் முதன்முறையாக இறங்கியது, மாதத்திற்கு 0.37 வீதம்.

நாங்கள் இதில் அதிகம் யோசித்தது அந்த மூன்றாம் கட்டத்தைத்தான். மருத்துவர்களும் படித்தவர்கள், நெறியும் எழுதியாகிவிட்டது. ஆயினும் கையில் கிடைக்காதபோது மருந்து ஏறியது. தேர்வுக்கு முந்தின இரவு படித்ததை மறுமாதம் மறந்துவிடுகிற நாங்கள் இதைப் பற்றி யாரையும் குறை சொல்ல மாட்டோம்! வலை ஒன்றே எல்லாவற்றையும் செய்துவிட்டது என்றும் சொல்ல மாட்டோம். கையேடும் கூடவே இருந்தது. எழுதுகிற நேரத்தில் கண்ணெதிரே இருப்பதுதான் பயன்படுகிறது என்பதை மட்டும் சொல்வோம்.

வேலூரில் திரையில் வைத்தது ஒரு புத்தகம். அதற்கு அடுத்த படி, கணிப்பொறியே இந்த நோயாளிக்கு இது என்று யோசனை சொல்வது. அதன் கதை பழையது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1970களில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் என்பவர் மைசின் என்றொரு கணிப்பொறி நிரலை உருவாக்கினார். கேள்வி கேட்டு, பதில் வாங்கி, இன்ன கிருமியாக இருக்கலாம், இன்ன மருந்து கொடுக்கலாம் என்று சொல்லும். மூளைக்காய்ச்சல் நோயாளிகளின் விவரங்களைக் கொடுத்துப் பார்த்தபோது, அது சொன்ன மருந்துகளில் நூற்றுக்கு 65 சரியென்று வல்லுநர்கள் ஒப்பினர். அங்கிருந்த பேராசிரியர்களில் ஒருவர்கூட அந்த அளவை எட்டவில்லை. 1979இல் இது வெளியாயிற்று. ஆயினும் மைசின் ஒரு நோயாளிக்கும் பயன்படவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் மருத்துவர் உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டும். வார்டில் யாருக்கு அதற்கு நேரம்? எவ்வளவு கெட்டிக்காரத் துணையானாலும், வேலையைக் கூட்டினால் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள் போலும்.

சால்ட் லேக் நகரத்து எல்.டி.எஸ். மருத்துவமனையில் இந்தக் குறையை நீக்கினார்கள். அங்கே நோயாளியின் சோதனை முடிவு, சிறுநீரகத்தின் நிலை, எந்த மருந்து ஒவ்வாது என்ற குறிப்பு எல்லாம் ஏற்கெனவே கணிப்பொறியில் இருந்தன. அவற்றிலிருந்தே அது மருந்தையும் அளவையும் எடுத்துச் சொல்லும். மருத்துவர் ஏற்கலாம், தள்ளலாம். 12 படுக்கைகள் கொண்ட ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் சோதித்து 1998இல் வெளியிட்டார்கள். கருவிக்கு முந்தைய இரண்டாண்டுகளில் 1136 நோயாளிகள். கிருமிக்குப் பொருந்தாத மருந்து எழுதியது 206 தடவை. கருவி வந்த ஓராண்டில் 545 நோயாளிகள். பொருந்தாதது 12 தடவை. ஒவ்வாத மருந்தை எழுதியது 146லிருந்து 35 ஆயிற்று. கருவி வந்த ஆண்டில் ஆள் எண்ணிக்கை பாதிதானே என்று எங்கள் வகுப்புக் கணக்குப் புலி ஒருத்தி கேட்டாள். பாதியாக்கிப் பார்த்தாலும் 206இல் பாதி 103. 12க்கும் அதற்கும் எவ்வளவு தூரம்!

இனி மறுப்புகளுக்கு வருவோம். எங்களில் ஒருத்தியின் அம்மா கேட்டார்: "டாக்டர் கையைப் பிடிச்சுப் பார்த்தாலே பாதி நோவு போயிடும். இனிமே கம்ப்யூட்டரா கையைப் பிடிக்கப் போவுது?" இதை நாங்கள் எளிதாகத் தள்ளிவிட மாட்டோம். தோழியின் அப்பாவைக் காப்பாற்றியது திரை அன்று. அரைஞாண் கயிற்றைத் தளர்த்திய விரல். ஆனால் அந்த விரலுக்கு நினைவூட்ட முடியுமே! மழைக்காலம், வயல் வேலை, ஐந்து நாளாகக் காய்ச்சல் என்று பதிந்தவுடன், "அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு பார்த்தாயிற்றா?" என்று திரை ஒரு வரி கேட்டால் போதும். மருத்துவரை நோயாளியின் உடலுக்குத் திருப்பி அனுப்புகிற கணிப்பொறியே எங்களுக்கு வேண்டியது. அவருடைய கண்ணைத் திரையிலேயே கட்டிப்போடுவது வேண்டாம். எதற்கெடுத்தாலும் எச்சரிக்கை அடிப்பதும் வேண்டாம். எங்கள் பள்ளி மணி பழுதாகி நினைத்தபோதெல்லாம் அடித்த வாரத்தில், உண்மையான மணிக்கும் யாரும் எழுந்திருக்கவில்லை.

புத்தகமே போதாதா என்பது இன்னொரு கேள்வி. 2023இல் வேலூர் மருத்துவர்கள் முன்னின்று, இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு வெளியானது. கடுமையான உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் மட்டும், அல்லது அஸித்ரோமைசின் மட்டும் கொடுப்பதைவிட, இரண்டையும் சேர்த்து நரம்பு வழியே கொடுப்பது மேல் என்று அதில் தெரிந்தது. அதற்கு முந்தின ஆண்டு அச்சான கையேட்டில் இது எப்படி இருக்கும்? திரையில் அன்றே மாற்றிவிடலாம். அதே சமயம் கையேட்டைத் தூக்கி எறியவும் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு நம் பகுதியில் எத்தனையோ ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமில்லாமல் கிடந்ததை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நாளில் மேசை இழுப்பறையில் ஓர் அச்சுப் பிரதி இருக்க வேண்டும். வேலூரார் இரண்டையும் வைத்திருந்தது எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

எங்களுடைய பெரிய கவலை வேறு. கணிப்பொறி தானாக ஒன்றும் அறியாது. இந்த ஊர் மருத்துவமனையில் எந்தக் கிருமி எந்த மருந்துக்குச் சாகிறது என்ற அட்டவணை அதற்கு வேண்டும். அந்த அட்டவணை வர, முதல் ஊசி போடுமுன் நோயாளியின் இரத்தத்தையோ சிறுநீரையோ எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை நடக்க வேண்டும். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும், தேர்ந்த ஆள் வேண்டும், இரண்டு மூன்று நாள் பொறுமையும் வேண்டும். வேலூரின் அட்டவணையை அப்படியே மன்னார்குடிக்குக் கொண்டுவர முடியாது. இங்கே உள்ள கிருமி வேறு, அதன் பழக்கம் வேறு. கல்ச்சர் இல்லாமல் கணிப்பொறி வாங்குவது, விதைநெல் இல்லாதவன் டிராக்டர் வாங்கின கதைதான். திரையும் பளபளவென்று இருக்கும். யோசனையும் தவறாக இருக்கும். கணிப்பொறியே சொல்லிவிட்டது என்று நம்பியும் விடுவார்கள். அதைவிட வெறும் கையேடே மேல்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் வரிசை இப்படி: முதலில் ஆய்வுக்கூடம், பிறகு அட்டவணை, அதன் பின் திரை. 1959இல் தொடங்கிய தஞ்சை மருத்துவக் கல்லூரி நமக்கு இருக்கிறது. திருவாரூரில் 2010இலும், நாகப்பட்டினத்தில் 2022இலும் கல்லூரிகள் வந்தன. ஆயிரம் ஏக்கருக்குத் தலைமடையில் ஒரு மதகு போதுவது போல, இம்மூன்று இடங்களின் ஆய்வுக்கூடங்களும் சேர்ந்து டெல்டாவுக்கென ஆண்டுதோறும் ஓர் அட்டவணை தயாரித்து, சிறிய அரசு மருத்துவமனைகளுக்கும் கன்னியர் நடத்தும் மருத்துவமனைகளுக்கும் அனுப்பலாம். கணிப்பொறிக்கு நம் மாநிலம் புதியதும் அன்று. 1994இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாவட்டக் கிடங்குகளில் எந்த மருந்து எவ்வளவு இருப்பு என்பதைத் தொடக்கம் முதலே கணிப்பொறியில் வைத்துப் பெயர் வாங்கியது. கிடங்கில் எத்தனை அட்டை இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த இயந்திரத்துக்கு, வார்டில் அது யாருக்குத் தேவையில்லை என்று கேட்கவும் கற்றுக்கொடுக்கலாமே. மூன்றாம் நாள் காலையில், "கல்ச்சர் முடிவு வந்துவிட்டது, இந்த ஊசி இன்னும் வேண்டுமா?" என்று கேட்டாலே எத்தனை ஊசி மிச்சமாகும்!

பெற்றோர்களே, உங்களிடமும் ஒன்று உண்டு, கோபிக்க வேண்டாம். மருத்துவத்தை வள்ளுவர் நான்கு பேர் சேர்ந்து செய்யும் காரியமாகச் சொன்னார்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்ப்பவர். திரையில் சரியான யோசனை வந்து, மருத்துவரும் "இது வைரஸ் காய்ச்சல், ஆன்டிபயாடிக் வேண்டாம்" என்று சொன்னால், உடனிருப்பவர் என்ன செய்கிறார்? "ஊசிகூடப் போடாத டாக்டர்" என்று எழுந்து அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போகிறார். இல்லாவிட்டால் மருந்துக் கடையில் "போன தடவை கொடுத்தீங்களே, அந்தச் சிவப்பு மாத்திரை" என்று கேட்கிறார். 2014 மார்ச் முதல் எச்1 என்ற பட்டியலில் 46 மருந்துகள் சேர்க்கப்பட்டு, சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வலிமையான ஆன்டிபயாடிக் பல அதில் அடங்கும். சட்டம் கடைக்காரரின் பதிவேடு வரை வரும். நம் வீட்டு அலமாரிக்கு வராது. நாங்கள் எங்கள் வீடுகளில் தேடிப் பார்த்தோம். பிஸ்கட் டப்பாவில், சுவாமி படத்துக்குப் பின்னால், தையல் பெட்டியில் என்று பாதி தின்று விட்ட அட்டைகள் அநேகம் வீடுகளில் அகப்பட்டன. ஒரு வீட்டில் அது ஆட்டுக்கும் கொடுக்கப்பட்டிருந்தது.

எங்கள் விடுதியின் நோயாளிகள் அறையில் பல ஆண்டுகளாக இருக்கும் சிஸ்டரிடம் ஒரு கோடு போட்ட நோட்டு உண்டு. காய்ச்சலென்று யார் போனாலும் அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசுவார். என்றைக்கு ஆரம்பித்தது, ஊருக்குப் போய் வந்தாயா, வயலில் இறங்கினாயா, எந்த மருந்து உனக்கு ஒத்துக்கொள்ளாது, வீட்டிலிருந்து ஏதாவது மாத்திரை கொண்டுவந்து தின்றாயா? பதிலை எழுதிக்கொண்ட பிறகே நெற்றியைத் தொடுவார். மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது அந்தப் பக்கத்தை அவர் முன்னால் விரித்து வைப்பார். முன்பெல்லாம் இதென்ன போலீஸ் விசாரணை என்று சிரித்திருக்கிறோம். இந்தக் கட்டுரைக்காக நாங்கள் போய்க் கேட்டபோது, "கம்ப்யூட்டர் வந்தால் நல்லதுதான் பிள்ளைகளே, என் கையெழுத்து மருத்துவருக்குப் புரிவதில்லை" என்றார். நோட்டு முடியும் தறுவாயில் இருக்கிறது. அடுத்த நோட்டு வாங்கிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறோம். அதில் "வயலில் இறங்கினாயா" என்ற கேள்விக்குக் கீழே "அக்குளும் இடுப்பும் பார்த்தாயிற்றா" என்று ஒரு வரி சேர்க்கும்படியும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.